வெளிப்புற டிவிடி டிரைவிலிருந்து இயங்குதளம் நிறுவ முடியவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

"டிரைவ் போய்விட்டது, புதிது வாங்க வேண்டும்போல" என்ற முடிவோடுதான் பெரும்பாலானவர்கள் என்னிடம் வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் டிரைவை என் லேப்டாப்பில் செருகினால் சமர்த்தாக ஓடும். குற்றம் கேபிளில் இருக்கும், இயங்குதளத்தைப் பதிந்த டிவிடி தட்டில் இருக்கும், இல்லையென்றால் பயாஸில் (லேப்டாப்பை இயக்கியதும் முதலில் ஓடும் அடிப்படை நிரல்) யாரோ எப்போதோ மாற்றிவைத்த அமைப்பில் இருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும், கையைக் கடிக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்குள் இருக்கும் வரிசையை மட்டும் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

தொடங்கும் முன் இரண்டே விஷயங்கள். லேப்டாப்பில் இருக்கும் கோப்புகளை வேறு இடத்தில் நகலெடுத்துவிடுங்கள். சார்ஜரைச் செருகியே வையுங்கள். விண்டோஸ் 10 அல்லது 11 இருக்கும் லேப்டாப் என்றால், பயாஸைத் தொடும் முன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) பூட்டு போட்டிருக்கிறதா என்று பார்த்து, அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவையுங்கள். இரண்டு என்று சொல்லி மூன்றாகிவிட்டது. ஆனால் அந்த மூன்றாவதை விட்டவர்கள்தான் அதிகம் அழுதிருக்கிறார்கள்.

## அறிகுறி 1: விளக்கு எரியவில்லை, அல்லது எரிந்தும் தட்டு சுழலவில்லை

காதை டிரைவின் அருகில் வைத்துக் கேளுங்கள். நல்ல டிரைவ், தட்டு உள்ளே போனதும் மெல்ல முனகி, பிறகு சீராக வேகம் பிடித்து 'உஸ்' என்று ஓடும். மின்சாரம் போதாத டிரைவ் இரண்டு மூன்று முறை முக்கிப் பார்க்கும்; 'டிக்' என்று ஒரு சத்தம் வரும்; விளக்கு அணைந்து எரியும்; மறுபடி முக்கும். இந்தச் சத்தம் கேட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மின்சாரத்தை.

யூஎஸ்பி 2.0 போர்ட் தரக் கடமைப்பட்டது 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3.0 போர்ட் 900. மெல்லிய டிவிடி டிரைவ் சுழலத் தொடங்கும் அந்த நொடியில் இதைவிட அதிகம் கேட்கக்கூடும். செய்ய வேண்டியவை, வரிசையாக:

- இடையில் யூஎஸ்பி ஹப் இருந்தால் கழற்றுங்கள். டிரைவ் நேராக லேப்டாப்பில் இருக்க வேண்டும். நீட்டிப்புக் கேபிளும் அப்படியே.
- பென் டிரைவ், மவுஸ் ரிசீவர், போன் சார்ஜர் ஒயர் என்று மற்ற போர்ட்களில் தொங்குபவற்றை எடுத்துவிடுங்கள்.
- லேப்டாப்பின் மறுபக்கத்துப் போர்ட்டில் செருகிப் பாருங்கள்.
- டிரைவோடு வந்த கேபிளில் இரண்டு யூஎஸ்பி தலைகள் இருந்தால் இரண்டையும் செருகுங்கள். ஒன்றைச் சும்மா தொங்கவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. இரண்டாவது தலை அலங்காரத்துக்கு இல்லை, மின்சாரத்துக்கு.
- கேபிளை மாற்றுங்கள். போனுக்கு வாங்கிய மெல்லிய நீளக் கேபிள் இந்த வேலைக்கு ஆகாது. குட்டையான, தடித்த கேபிள் வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். இரண்டு கணினி, இரண்டு கேபிள், இரண்டிலும் சுழலவில்லை என்றால் டிரைவ் உண்மையிலேயே போய்விட்டது. அதைப் பழுது பார்க்கக் கொடுப்பது வீண் செலவு, புதியது வாங்குங்கள். மாறாக, உங்கள் லேப்டாப்பின் எந்தப் போர்ட்டில் எதைச் செருகினாலும் உயிர் வரவில்லை, மவுஸின் சிவப்பு விளக்குகூட எரியவில்லை என்றால் சிக்கல் மதர்போர்டில் இருக்கலாம். அதற்குத் தொழில்நுட்பர்தான் வேண்டும்.

ஒரு விதிவிலக்கு: ஆப்பிளின் யூஎஸ்பி சூப்பர்டிரைவ் மேக் கணினிகளுக்கென்றே செய்தது. அதை வேறு லேப்டாப்பில் செருகிவிட்டுத் தட்டை ஏன் உள்ளே இழுக்கவில்லை என்று குழம்ப வேண்டாம்.

## அறிகுறி 2: டிரைவ் சுழல்கிறது, பூட் மெனுவில் அதன் பெயர் வரவில்லை

### மெனுவே வரவில்லை என்றால்

பூட் மெனு என்பது எதிலிருந்து லேப்டாப்பைத் தொடங்குவது (பூட் செய்வது) என்று கேட்கும் பட்டியல். அதைத் திறக்கும் விசை தவறாக இருக்கும், அல்லது அழுத்திய நேரம் தவறாக இருக்கும். டெல், லெனோவோ திங்க்பேட், ஏசர் லேப்டாப்களில் எஃப்12. ஹெச்பியில் எஸ்கேப், அதன் பிறகு எஃப்9. ஏசூஸில் பெரும்பாலும் எஸ்கேப். லெனோவோ ஐடியாபேட் சிலவற்றில் பக்கவாட்டில் ஊசி நுழையும் அளவுக்குச் சிறு துளை இருக்கும்; லேப்டாப் அணைந்திருக்கும்போது அதைக் குத்தினால் மெனு வரும். இன்டெல் மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவற்றில் பவர் பொத்தானைத் தொட்டதுமே விசையைத் திரும்பத் திரும்பத் தட்டத் தொடங்குங்கள். நிறுவனச் சின்னம் வந்த பிறகு தட்டினால் காலம் கடந்துவிட்டது. ஏசரில் இன்னொரு வேலை உண்டு: பயாஸுக்குள் எஃப்2 வழியாகப் போய் 'எஃப்12 பூட் மெனு' என்பதை இயக்கினால்தான் அந்த விசை வேலை செய்யும்.

சரியான விசையும் பலிக்கவில்லையா? விண்டோஸ் உங்களை ஏமாற்றியிருக்கும். 'ஷட் டவுன்' கொடுத்தால் புதிய விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, அரைத் தூக்கத்தில் கிடக்கிறது. ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள், அல்லது 'ரீஸ்டார்ட்' கொடுத்து அந்த இடைவெளியில் விசையைத் தட்டுங்கள்.

### மெனு வருகிறது, டிரைவ் மட்டும் இல்லை என்றால்

முதலில் தட்டை உள்ளே வைத்து, டிரைவைச் செருகி, அது சுழன்று அடங்கிய பிறகு லேப்டாப்பை இயக்குங்கள். சில பயாஸ்கள் பூட் ஆகக்கூடிய தட்டு உள்ளே இருந்தால்தான் டிரைவின் பெயரையே காட்டும்.

அடுத்து, பயாஸுக்குள் மூன்று இடங்களைப் பாருங்கள். யூஎஸ்பி பூட் என்பது இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். ஃபாஸ்ட் பூட் என்பது அணைந்திருக்க வேண்டும். அது நேரத்தை மிச்சப்படுத்த யூஎஸ்பி சாதனங்களைத் தேடாமலே தாவிவிடும். மூன்றாவது யூஇஎஃப்ஐ (புதிய பூட் முறை), லெகசி (பழைய பூட் முறை) என்ற இரண்டில் எது இருக்கிறது என்பது. உங்கள் தட்டு 32 பிட் விண்டோஸ் 7 போன்ற பழைய சரக்கு என்றால் யூஇஎஃப்ஐ முறையில் அது கண்ணுக்கே தெரியாது. லெகசி அல்லது சிஎஸ்எம் (அதே பழைய முறைக்கு வழிவிடும் அமைப்பு) இயக்க வேண்டும், செக்யூர் பூட்டை (அறிமுகமில்லாத நிரலைத் தொடங்க விடாத பாதுகாப்பு) அணைக்க வேண்டும். 64 பிட் விண்டோஸ் 10, 11 என்றால் யூஇஎஃப்ஐயிலேயே விட்டுவிடுங்கள். புதிய லேப்டாப்கள் பலவற்றில் லெகசி என்ற வழியே கிடையாது. இல்லாததைத் தேடி ஒரு மாலையை வீணாக்காதீர்கள். அதில் பழைய விண்டோஸ் ஏறாது.

மாற்றிய அமைப்பு அடுத்த முறை பயாஸைத் திறக்கும்போது பழையபடி இருக்கிறதா, தேதியும் பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கிறதா? மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. பேட்டரி மலிவு, ஆனால் சில மாடல்களில் அதை எட்ட முழு லேப்டாப்பையும் பிரிக்க வேண்டியிருக்கும். திருகாணிக்குப் பழகாத கை என்றால் தொழில்நுட்பரிடம் கொடுத்துவிடலாம்.

## அறிகுறி 3: டிரைவைத் தேர்ந்தெடுத்தும் பழைய விண்டோஸே திறக்கிறது

கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்து போகும்: சிடி அல்லது டிவிடியிலிருந்து தொடங்க ஏதாவது ஒரு விசையை அழுத்தவும் என்று. சில நொடிகள்தான் அது நிற்கும். டீயை எடுக்கத் திரும்பினால் முடிந்தது. திரை கறுத்ததும் ஸ்பேஸ் விசையை இரண்டு முறை தட்டுங்கள்.

அந்த வரியே வரவில்லை என்றால் தட்டைச் சந்தேகப்படுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது கணினியில் தட்டைத் திறந்து உள்ளே பாருங்கள். பெரிய ஐஎஸ்ஓ கோப்பு (முழுத் தட்டின் உள்ளடக்கத்தையும் ஒன்றாக அடக்கிய படிமம்) ஒன்று மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறதா? அப்படியென்றால் தட்டு பூட் ஆகாது. பாட்டுக் கோப்பை நகலெடுப்பதுபோல ஐஎஸ்ஓவை இழுத்துப் போட்டிருக்கிறீர்கள். நானும் முதல் தட்டில் அதைத்தான் செய்தேன். அரை நாள் பயாஸைத் திட்டிவிட்டுப் பிறகுதான் தட்டைத் திறந்து பார்த்தேன். சரியாகப் பதிந்த விண்டோஸ் தட்டில் பூட், இஎஃப்ஐ, சோர்ஸஸ் என்ற பெயர்களில் கோப்புறைகளும், செட்டப் என்ற நிரலும் இருக்கும்.

திருத்துவது எளிது. விண்டோஸ் 7 முதல் எந்த விண்டோஸிலும் ஐஎஸ்ஓ கோப்பை வலது சொடுக்கினால் தட்டில் படிமமாகப் பதியும் வசதி இருக்கிறது. அதில் 'பதிந்த பின் சரிபார்' என்ற கட்டத்தைக் கட்டாயம் குறியிடுங்கள்.

ஐஎஸ்ஓ தட்டில் அடங்கவில்லையா? தட்டின் மேல் 4.7 ஜிபி என்று அச்சிட்டிருந்தாலும் விண்டோஸ் காட்டும் கணக்கில் அது 4.38தான். விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ 5 ஜிபியைத் தாண்டும், உபுண்டு 24.04 டெஸ்க்டாப் பதிப்பும் அப்படித்தான். இவற்றுக்கு 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்குத் தட்டு வேண்டும். என் கருத்தைக் கேட்டால், புதிய இயங்குதளத்துக்கு டிவிடியைக் கட்டிக்கொண்டு அழாமல் 8 ஜிபி பென் டிரைவுக்கு மாறிவிடுங்கள். டிவிடி டிரைவுக்கு இன்னும் வேலை இருப்பது பென் டிரைவில் பூட் ஆகாத பழைய லேப்டாப்களிலும், உரிமத் தட்டோடு வந்த பழைய இயங்குதளங்களிலும்தான்.

## அறிகுறி 4: விண்டோஸ் 7 நிறுவல் தொடங்கியதும் "டிவிடி டிரைவுக்கான டிரைவர் இல்லை" என்கிறது

இந்தச் செய்தியைப் போலக் குழப்புவது வேறில்லை. அந்த டிவிடி டிரைவிலிருந்துதான் இத்தனை நேரம் திரையில் எல்லாம் வந்துகொண்டிருந்தது. இப்போது அதே டிரைவைக் காணோம் என்கிறது. பார்த்தவுடன் இணையத்தில் டிவிடி டிரைவர் (ஒரு சாதனத்தோடு விண்டோஸ் பேச உதவும் நிரல்) தேடி இறக்கத் தொடங்குகிறார்கள். அப்படி ஒரு டிரைவர் வேண்டியதில்லை, தேடாதீர்கள்.

நடப்பது இதுதான். நிறுவல் திரை வரும்வரை டிரைவைப் படித்தது பயாஸ். அதற்குப் பிறகு விண்டோஸ் தன் சொந்தக் கண்ணால் படிக்க வேண்டும். 2009இல் வந்த விண்டோஸ் 7க்கு யூஎஸ்பி 3.0 போர்ட்டைத் தெரியாது. விண்டோஸ் 8இல்தான் அது சேர்ந்தது.

1. செய்தி வந்த திரையை அப்படியே விட்டுவிட்டு 'கேன்சல்' கொடுத்து, 'இன்ஸ்டால் நவ்' என்ற முதல் திரைக்குத் திரும்புங்கள். டிரைவின் கேபிளை நீல நிற உட்பகுதி கொண்ட போர்ட்டிலிருந்து பிடுங்கிக் கறுப்பு உட்பகுதி கொண்ட போர்ட்டில் செருகுங்கள். பத்து நொடி பொறுத்து மீண்டும் 'இன்ஸ்டால் நவ்'. பல லேப்டாப்களில் கதை இங்கேயே முடிந்துவிடும்.
2. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். எல்லா நிறுவனமும் நீலம் போடுவதில்லை. போர்ட்டின் அருகில் 'எஸ்எஸ்' என்ற குறி இருந்தால் அது 3.0. எல்லாப் போர்ட்டையும் ஒருமுறை சுற்றிவிடுங்கள்.
3. பயாஸில் யூஎஸ்பி 3.0 அல்லது எக்ஸ்ஹெச்சிஐ என்று ஓர் அமைப்பு இருந்தால் அதை அணைத்துவிட்டு முயலுங்கள். நிறுவி முடித்து, யூஎஸ்பி 3.0 டிரைவரையும் போட்ட பிறகு திரும்ப இயக்கிக்கொள்ளலாம்.
4. தட்டு மோசமாகப் பதிந்திருந்தாலும் இதே செய்தி வரும். குறைந்த வேகத்தில் வேறொரு தட்டில் பதிந்து பாருங்கள்.
5. லேப்டாப் 2015க்குப் பின் வந்த ஆறாம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்குப் புதியதா? அங்கே பழைய யூஎஸ்பி 2.0 கட்டுப்படுத்தியே கிடையாது. கறுப்புப் போர்ட்டும் உள்ளுக்குள் புதிய வழியில்தான் போகிறது. லேப்டாப்பின் சொந்த விசைப்பலகை பெரும்பாலும் வேலை செய்யும், யூஎஸ்பி மவுஸ் செத்துக் கிடக்கும். எந்தப் போர்ட்டும் உதவாது. யூஎஸ்பி 3.0 டிரைவரை உள்ளே சேர்த்துப் புதிதாக ஒரு நிறுவல் தட்டைத் தயாரிக்க வேண்டும்.

ஐந்தாவது படிக்கு வந்துவிட்டால் நான் ஒரு கேள்வி கேட்பேன்: விண்டோஸ் 7 கட்டாயம்தானா? அதற்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. பழைய இயந்திரத்தோடு பேசும் ஏதோ ஒரு மென்பொருளுக்காக வேண்டும் என்றால் சரி, இந்த வேலையைச் செய்துபழகியவரிடம் தட்டைத் தயாரித்துத் தரச் சொல்லுங்கள். வெறும் பழக்கத்துக்காக என்றால் விட்டுவிடுங்கள்.

## அறிகுறி 5: பாதியில் நின்றுவிடுகிறது

'கோப்புகளை விரிக்கிறது' என்ற படியில் சதவீதம் ஏறிக்கொண்டே வந்து நின்றுவிடும். சில நேரம் 80070570 என்றோ 8007045டி என்றோ முடியும் பிழை எண் வரும். லினக்ஸ் என்றால் திரையில் ஸ்க்வாஷ்எஃப்எஸ் பிழை என்றும், எஸ்ஆர்0 படிக்க முடியவில்லை என்றும் வரிகள் ஓடும். எஸ்ஆர்0 என்பது உங்கள் டிவிடி டிரைவ்தான்.

எண்ணைக் கூகுளில் தேடும் முன் ஒரு தாளில் எந்தச் சதவீதத்தில் நின்றது என்று எழுதுங்கள். மீண்டும் ஓட்டுங்கள். கிளை இங்கேதான் பிரிகிறது.

### ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்றால்

தட்டு. வெளியே எடுத்து விளக்கொளியில் சாய்த்துப் பிடியுங்கள். கட்டைவிரல் ரேகை ஒன்று ஓரத்தில் அழகாகப் பதிந்திருக்கும். மூக்குக் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. தடம் வட்டமாக ஓடுவதால் கீறலும் அதோடு சேர்ந்து ஓடிவிடும்.

துடைத்தும் பயனில்லை என்றால் ஐஎஸ்ஓவையே சரிபார்க்க வேண்டும். கட்டளைச் சாளரத்தில் செர்ட்யூட்டில் (certutil) கட்டளை கொண்டு, கோப்பின் கைரேகை போன்ற ஷா256 எண்ணை எடுத்து, பதிவிறக்கிய தளத்தில் தந்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு பழுது, மறுபடி இறக்குங்கள். எண் சரியென்றால், புதிய தட்டில் 4 மடங்கு அல்லது 8 மடங்கு வேகத்தில் பதியுங்கள். அழித்து எழுதும் ஆர்டபிள்யூ தட்டு வேண்டாம். அது ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்புவதால் வயதான டிரைவ்கள் அதைப் படிக்கத் திணறும்.

### ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால்

முதலில் அறிகுறி 1க்குத் திரும்பிப் போய்க் கேபிளையும் போர்ட்டையும் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கும் டிவிடியும் ஒன்றாக ஓடும்போதுதான் மின்சாரக் குறை வெளியே வரும். பிறகு டிரைவின் லென்ஸ். இதற்கு ஓர் எளிய சோதனை: பழைய பாட்டு சிடி ஒன்றைப் போடுங்கள். சிடியைத் தெளிவாகப் படித்து டிவிடியில் மட்டும் தடுமாறினால், டிரைவை முழுதும் நம்பிவிடாதீர்கள். இரண்டுக்கும் தனித்தனி லேசர் ஒளி, ஒன்று தேய்ந்தும் மற்றது நன்றாக இருக்கலாம். லென்ஸ் துடைக்கும் தட்டை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். அதற்குமேல் மெனக்கெட வேண்டாம்.

டிரைவை மாற்றியும் இதே கதை என்றால் நினைவகம். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றி ஓட்டுங்கள், பிறகு மாற்றி ஓட்டுங்கள். மெம்டெஸ்ட்86+ நிரலை ஓர் இரவு ஓடவிட்டால் கெட்ட ரேம் சிவப்பு வரிகளில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ரேமும் நலம் என்றால் மிஞ்சியது ஹார்ட் டிஸ்க். அதிலிருந்து சீரான இடைவெளியில் 'கட்... கட்...' என்று சத்தம் வந்தால் அந்த நொடியே லேப்டாப்பை அணையுங்கள். உள்ளே நகலெடுக்காத கோப்பு இருக்கிறது என்றால் நீங்களாக எதையும் ஓட்டிப் பார்க்காமல் தரவு மீட்பவரிடம் போங்கள். ஒவ்வொரு முயற்சியும் மிச்சமிருப்பதைச் சுரண்டும்.

## அறிகுறி 6: எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரையில் சிக்கல்

### ஹார்ட் டிஸ்க் தெரிகிறது, ஜிபிடி அல்லது எம்பிஆர் என்று காரணம் சொல்லி மறுக்கிறது

ஜிபிடி, எம்பிஆர் என்பவை டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் புதிய முறையும் பழைய முறையும். இணையத்தில் தேடினால் டிஸ்க்பார்ட் (டிஸ்க்கைப் பிரிக்கும் விண்டோஸ் நிரல்) திறந்து 'கிளீன்' கட்டளை கொடுக்கச் சொல்வார்கள். அது முழு டிஸ்க்கையும் துடைத்துவிடும், உங்கள் டி டிரைவில் இருக்கும் குடும்பப் படங்கள் உட்பட. அவசரப்படாதீர்கள். லேப்டாப்பை மறுபடி இயக்கிப் பூட் மெனுவைத் திறந்தால் ஒரே டிவிடி டிரைவின் பெயர் இரண்டு முறை இருக்கும். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்றிருக்கும், மற்றதில் இராது. ஜிபிடி என்று மறுத்தால் யூஇஎஃப்ஐ வரியைத் தேர்ந்தெடுங்கள். எம்பிஆர் என்று மறுத்தால் மற்றதை. பெரும்பாலும் எதையும் அழிக்காமலே வேலை நடந்துவிடும்.

### ஹார்ட் டிஸ்க்கே பட்டியலில் இல்லை

பதினோராம் தலைமுறை இன்டெல் லேப்டாப்களிலிருந்து இது அடிக்கடி வருகிறது. பயாஸில் விஎம்டி என்ற, டிஸ்க்கைக் கையாளும் இன்டெல் அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, சுருக்கத்தைப் பிரித்து, பென் டிரைவில் வைத்து, அந்தத் திரையிலேயே 'லோட் டிரைவர்' மூலம் காட்டுங்கள். விஎம்டியை அணைப்பது குறுக்குவழி. அப்படிச் செய்தால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுபவர்களுக்கு அது கவலையில்லை.

பயாஸிலும் ஹார்ட் டிஸ்க்கின் பெயர் இல்லையா? அப்போது தட்டுக்கோ டிவிடி டிரைவுக்கோ இதில் பங்கில்லை. டிஸ்க் கழன்றிருக்கிறது அல்லது இறந்துவிட்டது. தொழில்நுட்பரிடம் கொடுக்க வேண்டிய இடம் இது.

## அறிகுறி 7: முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பின் மறுபடி மொழி கேட்கும் திரைக்கே வருகிறது

விசையை அழுத்தச் சொல்லும் வரி இரண்டாம் முறையும் வந்திருக்கும், நீங்களும் பழக்கதோஷத்தில் அழுத்தியிருப்பீர்கள். அழுத்தாமல் விடுங்கள். தட்டை எடுக்க வேண்டியதில்லை.

## அறிகுறி 8: தட்டு வெளியே வரவில்லை

கேபிளைக் கழற்றுங்கள், சுழற்சி நிற்கட்டும். டிரைவின் முன்முகத்தில் இருக்கும் சிறு துளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராகச் செலுத்தி மெல்ல அழுத்தினால் தட்டு ஏந்தி ஒரு விரல்கடை வெளியே வரும். மீதியைக் கையால் இழுக்கலாம். துளை இல்லாமல் தட்டை உறிஞ்சிக்கொள்ளும் வகை டிரைவ் என்றால் கத்தி, ஸ்கேல் எதையும் உள்ளே விடாதீர்கள். வேறு கணினியில் செருகி, அங்கிருந்து வெளியேற்றும் கட்டளை கொடுத்துப் பாருங்கள்.

## தொழில்நுட்பரிடம் போகும்போது

டிரைவை மட்டும் தனியாகக் கொண்டுபோகாதீர்கள். லேப்டாப், அதன் சார்ஜர், டிரைவ், அதே கேபிள், அதே தட்டு ஐந்தும் ஒன்றாகப் போக வேண்டும். எந்த அறிகுறி, எந்தச் சதவீதம், எந்தப் பிழை எண், எதையெல்லாம் ஏற்கெனவே மாற்றிப் பார்த்தீர்கள் என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். திரையைப் போனில் படம் எடுத்திருந்தால் இன்னும் நல்லது. "டிஸ்க்கில் இருப்பது எனக்கு வேண்டும்" அல்லது "எல்லாம் போனாலும் சரி" என்ற இரண்டில் ஒன்றை அந்தத் தாளின் முதல் வரியில் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.